மழைக்கும் வார விடுமுறை

மனித குலம் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது. நெருப்பைக் கண்டுபிடித்தபோதும் சக்கரத்தைக் கண்டுபிடித்தபோதும் யாரும் முறையாகச் செய்திக்குறிப்பு வெளியிடவில்லை. அந்தக் குறை இனி இல்லை. நீர்வளத்துறை அமைச்சரின் அலுவலகம் முத்திரையோடும் மூன்று ஆச்சரியக்குறிகளோடும் ஒன்றரைப் பக்கத்தில் அறிவித்துவிட்டது: எங்கள் ஊரில் வாராந்தர ஓய்வு நாளன்று மழை பெய்வதே இல்லை. எழுபது ஆண்டுகள், மூவாயிரத்து அறுநூற்றைம்பத்திரண்டு ஓய்வு நாட்கள், ஒரு சொட்டுக்கூட இல்லை. இறைவன் ஓய்வெடுக்கச் சொன்ன நாளில் மேகமும் ஓய்வெடுக்கிறது. இது நம்பிக்கை அல்ல, விஞ்ஞானம்.

இந்த மகத்தான உண்மையைக் கண்டறிந்தவர் அமைச்சருக்கு மேடைப்பேச்சு எழுதித் தருபவர். வழிபாட்டுக்கூட முற்றத்தில் இருக்கும் மழைமானி நிலையத்துக்கு எழுபதாம் ஆண்டு விழா. அமைச்சர் பேச வேண்டும். ஒரு செப்புப் புனலையும் அதன் அடியில் உள்ள பாட்டிலையும் பற்றி நாற்பது நிமிடம் என்ன பேசுவது? எழுபது வருட அளவுகளையும் கணினியில் ஏற்றி, கிழமைவாரியாகக் கூட்டிப் பார்த்தார். ஆறு கிழமைகளுக்கு மழை வந்தது. ஏழாவதற்கு வெறும் சைபர். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டாராம்.

ஊர் உடனே நம்பியது. அதுதான் எங்கள் ஊரின் அழகு. போன மாதம் ஓய்வு நாளில் தொப்பலாக நனைந்து, தும்மிக்கொண்டே வீடு போனவர்கள்கூட நம்பினார்கள். முடிதிருத்தும் கடையில் ஒருவர், "நீங்க சொன்னப்புறம்தான் யோசிக்கிறேன், நான் ஓய்வு நாள்ல நனைஞ்சதே இல்லைங்க" என்றார். முடி வெட்டுபவர் கத்தரியை நிறுத்தி, "அன்னைக்கு நீங்க வீட்டை விட்டே வெளிய வர்றதில்லையே" என்றார். "அதான் சொல்றேன், நனைஞ்சதே இல்லை" என்றார் முதலாமவர்.

முற்றத்தில் பதிக்கக் கருங்கல் பலகை ஒன்றுக்கு உத்தரவு போனது. அதில் பொறிக்க வேண்டிய வாசகம்: 'இங்கே வானமும் ஓய்வு நாளைக் கடைப்பிடிக்கிறது.' விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் வானிலை அலுவலகம் அந்த எழுபது வருட அட்டவணையைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

கையெழுத்திட வேண்டியவர் மழைப்பிரிவு அதிகாரி. ஐம்பதை நெருங்கும் பெண்மணி. அலுவலகத்தில் அவருக்குச் சைபர் மேடம் என்று பெயர். எந்த அட்டவணையைக் கொடுத்தாலும் முதலில் சைபர்களைத்தான் பார்ப்பார். "எண்ணு தப்பா இருந்தா அங்க யாரோ அளந்திருக்காங்கன்னாவது தெரியும். சைபர் இருந்தா எதுவுமே தெரியாது" என்பது அவர் கட்சி. அட்டவணையை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார்.

"போட்டுடுங்கம்மா" என்றார் இயக்குநர். "ஓய்வு நாள்ல மழை பெய்யலைன்னா நமக்கு என்ன வந்தது?"

"சார், போன மாசம் ஓய்வு நாள் அன்னைக்கு மழைக்கு ஒதுங்க எங்க வீட்டு வாசல்லதானே நின்னீங்க? துண்டுகூட வாங்கித் துவட்டிக்கிட்டீங்களே."

"அது தனிப்பட்ட அனுபவம். அறிக்கையில தனிப்பட்ட அனுபவத்துக்கு இடமில்லை."

"இது தப்பான தரவு சார்."

இயக்குநர் பேனாவை மூடினார். கெட்டவர் இல்லை. ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கும் மனிதர், அவ்வளவுதான். "அப்படின்னா இன்னொரு வழி இருக்கு. தப்புன்னு நீங்க எழுதிக் கொடுங்க. அந்த நிலையத்தையே பட்டியல்லேருந்து எடுத்துடறேன். எழுபது வருஷத்தையும் அடிச்சுட்டா அதிசயமும் இல்லை, வம்பும் இல்லை."

சைபர் மேடத்துக்குச் சிக்கல் இங்கேதான். ஆற்றங்கரையில் புதிய தடுப்புச்சுவர் கட்டப் போகிறார்கள். சுவரின் உயரம், ஊரில் ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு மழை பெய்திருக்கிறது என்ற ஒற்றை எண்ணை வைத்து முடிவாகும். சுவர்க் குழு கூடுவதும் விழாவுக்கு முந்தின நாள்தான். இந்த நிலையத்தை அடித்துவிட்டால் அடுத்து இருப்பது மலைக்கு அந்தப் பக்கம் விமான நிலையத்தில் உள்ள மழைமானி. அங்கே மழை என்பது செய்தித்தாளில் படிக்கும் சமாச்சாரம். அந்த எண்ணை வைத்துக் கட்டினால் சுவர் முழங்கால் உயரத்தில் நிற்கும். பள்ளத்தெருவில் சைபர் மேடத்தின் அக்கா குடும்பம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் அந்த வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர் ஏறியது. கட்டிலைத் தூக்கி மேசை மேல் வைத்து, அதன்மேல் அக்கா ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

"பத்து நாள் கொடுங்க சார். சரிபண்ணித் தர்றேன்."

"நடந்து முடிஞ்ச மழையை எப்படிம்மா சரிபண்ணுவீங்க?" என்று கேட்டார் இயக்குநர். நியாயமான கேள்விதான்.

வழிபாட்டுக்கூடத்தின் மணிக்காரர்தான் மழையையும் அளப்பவர். காலை எட்டு மணிக்கு மணி அடிப்பார். அடித்த கையோடு முற்றத்துக்கு வந்து புனலைத் தூக்கி, பாட்டிலில் உள்ள தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, படிவத்தில் எழுதுவார். முப்பத்தொரு வருடமாக இவர், இவருக்கு முன் இன்னும் இரண்டு மணிக்காரர்கள். மழைமானி இங்கே வந்த கதையும் கேட்கத் தக்கது. முதலில் அதைக் கடைவீதியில்தான் வைத்தார்கள். மழையை அளப்பது மழைக்கு வரி போடத்தான் என்று ஊரில் பேச்சு கிளம்பி, ஒரே மாதத்தில் மூன்று புனல் காணாமல் போனது. நான்காவதைக் கடவுளின் முற்றத்தில் வைத்தார்கள். எழுபது வருடமாக ஒரு கீறல் இல்லை. அதைக் காப்பாற்றியது விஞ்ஞான மனப்பான்மை அல்ல, பாவபயம். யார் காவல் காத்தால் என்ன, புனல் பத்திரமாக இருந்தது.

"ஒரு நாள் விட்டதில்லைம்மா" என்றார் மணிக்காரர். "ஊரடங்கு போட்டிருந்தப்ப வெள்ளைத்துணியைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து அளந்தேன். சிப்பாய் துப்பாக்கியை நீட்டி எங்கடா போறேன்னான். மழை அளக்கன்னேன். பைத்தியம்னு விட்டுட்டான்."

"ஓய்வு நாள்ல?"

மணிக்காரர் முகம் சுருங்கியது. "அன்னைக்கு அளக்கக் கூடாது, ஊத்தக் கூடாது, எழுதக் கூடாது. மணி மட்டும் அடிக்கலாம். தண்ணி பாட்டில்லயே இருக்கும். மறுநாள் எட்டு மணிக்கு ரெண்டு நாள் தண்ணியையும் சேர்த்து அளந்து மறுநாள் கட்டத்துல எழுதுவோம்."

"சரிங்கய்யா, அப்ப ஓய்வு நாள் கட்டத்தைச் சும்மா விட்டிருக்கலாமே? எதுக்கு சைபர் போட்டீங்க?"

மணிக்காரர் எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்துக் காட்டினார். உள்ளே ஒரு சுற்றறிக்கை. எழுபது வயது அதற்கு. 'படிவத்தில் எந்தக் கட்டமும் காலியாக விடப்படலாகாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' கீழே வானிலை அலுவலகத்தின் முதல் இயக்குநர் கையெழுத்து.

"கடவுள் எழுதாதேங்கறார், உங்க ஆபீஸ் காலியா விடாதேங்குது. நடுவுல நான் என்னம்மா பண்ணுவேன்? மறுநாள் உக்காந்து சைபர் போட்டேன். கடவுளுக்கும் கோபம் இல்லை, ஆபீசுக்கும் கோபம் இல்லை."

மூவாயிரத்து அறுநூற்றைம்பத்திரண்டு அதிசயங்களின் பிறப்பு ரகசியம் இவ்வளவுதான்.

"கல்லு வைக்கப் போறாங்களாமே" என்றார் மணிக்காரர் மெல்ல. "எங்க பெரிய குருவே ஓய்வு நாள்ல குடை இல்லாம வந்தது கிடையாது. அவரே சிரிக்கிறார். அம்மா, கல்லு வைக்கலைன்னா இதெல்லாம் குப்பையா?"

"குப்பை ஆகாதுங்கய்யா. அன்னைக்கு மழை பெஞ்சுதா, எப்ப, எவ்வளவு நேரம்னு வேற யாராவது எழுதி வெச்சிருந்தா ரெண்டு நாளையும் பிரிச்சுடலாம்."

"ஓய்வு நாள்ல யாரும்மா எழுதுவா? பாவத்துக்குப் பயப்படாத ஆளா இருக்கணும்." மணிக்காரர் யோசித்தார். வாசலுக்கு எதிரே இருந்த சதுக்கத்தைப் பார்த்தார். "போலீஸ்காரன் எழுதுவான்."

எங்கள் ஊர் அரசியலை நான்கு வரியில் சொல்லிவிடலாம். எல்லோருக்கும் வேலை இல்லாத நாள் ஓய்வு நாள்தான் என்பதால் எதிர்க்கட்சிக் கூட்டம் அன்றுதான் நடக்கும். கூட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் சதுக்கத்தில் உளவுப்பிரிவுக் காவலர் ஒருவர் குறிப்பேட்டோடு நிற்பார். ஆட்சிகள் மாறின, எதிர்க்கட்சி ஆளுங்கட்சியானது, ஆளுங்கட்சி எதிர்க்கட்சியானது. காவலர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

உளவுப்பிரிவின் ஆவண அறைக்குத் தலைமைக் காவலர் அக்காவின் கணவர்தான். ஆள் கதவளவு அகலம்.

"வாங்க கொழுந்தியாளே! தானா போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்த முதல் விஞ்ஞானி நீதான்."

"அத்தான், ஓய்வு நாள் குறிப்பேடுங்களைப் பார்க்கணும்."

"ரகசிய ஆவணம். செத்தாலும் காட்ட மாட்டேன்."

"பள்ளத்தெருச் சுவர் முழங்கால் உயரம்தான் வரும் போலிருக்கு. அக்கா இந்தத் தடவை கட்டில்மேல தனியா உக்கார மாட்டாளாம். உங்களையும் பக்கத்துல உக்கார வெச்சுக்குவாளாம்."

"மூணாவது அலமாரி" என்றார் அத்தான். "பார்க்கலாம். எடுத்துட்டுப் போகக் கூடாது, படி எடுக்கக் கூடாது."

அலமாரியைத் திறந்தபோது சைபர் மேடத்துக்குக் கண் கலங்கியது தூசியால் மட்டும் அல்ல. காவலர்கள் காலை எட்டு மணிக்குப் பணியேற்று மறுநாள் காலை எட்டு மணிக்கு மாறியிருக்கிறார்கள். மழைமானியின் நாளும் அதே எட்டிலிருந்து எட்டுதான். ஒவ்வொரு தூறலும் நிமிடக் கணக்கோடு பதிவாகியிருந்தது. ஏனென்றால் மழை வந்தால் கூட்டம் கலையும், கூட்டம் ஏன் கலைந்தது என்று மேலதிகாரி கேட்பார், காரணம் சொல்லாத காவலருக்கு இடமாற்றம். ஆகவே பயந்து பயந்து துல்லியமாக எழுதியிருந்தார்கள். 'மாலை 5.20. தூறல், குடை விரிக்கும் அளவு. 5.35. மேடை நனையும் அளவு. 5.50. எழுத முடியாத அளவு. கூட்டம் கலைந்தது. தலைவர் பேச்சை நிறுத்தவில்லை.' குடை, மேடை, எழுத்து. மூன்றே படிகள். யார் வகுத்தது என்று தெரியவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக எல்லாக் காவலரும் அதே மூன்று படியைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். வானத்தை நிமிர்ந்து பார்ப்பது பணி விதியில் இல்லாத மனிதர்கள், ஒரு நாட்டின் மிக நீண்ட மழைக்குறிப்பைக் கால் கடுக்க நின்று எழுதி வைத்திருந்தார்கள்.

"இதென்ன அத்தான், ஆறு வருஷம் காணோம்?"

"கட்சியைத் தடை பண்ணியிருந்தாங்க. கூட்டம் கிடையாது. கூட்டம் இல்லைன்னா எங்காளுக்குச் சதுக்கத்துல என்ன வேலை?"

சர்வாதிகாரம் மழையைக்கூட மறைத்துவிடும் என்பதை சைபர் மேடம் அதுவரை யோசித்ததில்லை.

அத்தான் வேறொரு ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார். "கொழுந்தியாளே, இங்க பாரேன். 'சுருள்முடி'ன்னு போட்டிருக்கு. யாருன்னு தெரியுதா? நம்ம அமைச்சர்!"

"அவருக்கு முடியே கிடையாதே அத்தான்."

"நாப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடிம்மா."

சைபர் மேடம் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். எங்கள் ஊரில் சுவரொட்டி பார்க்கத் தெரிந்த எவருக்கும் அமைச்சரின் மழைப்பேச்சு தெரியும். இருபத்துநான்கு வயதில் கொட்டும் மழையில், ஐயாயிரம் பேர் நனைந்தபடி கேட்க, ஒன்றரை மணி நேரம் பேசினார். அந்த உரையால்தான் ஆட்சியே கவிழ்ந்தது என்று கட்சி சொல்கிறது. ஏட்டில் இருந்த தேதி ஓர் ஓய்வு நாள்.

மறுநாள் அமைச்சரின் அறையில், கருங்கல் பலகையின் மாதிரி மேசைமேல் கிடந்தது. சைபர் மேடம் நின்றார். பக்கத்தில் இயக்குநர், நிற்பதா மயங்கி விழுவதா என்று முடிவு செய்யாத நிலையில் இருந்தார்.

"கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்தீங்களா?" என்றார் அமைச்சர்.

"போட்டுடலாங்கய்யா. ஒரே ஒரு சின்னச் சிக்கல். ஓய்வு நாள்ல மழையே பெஞ்சதில்லைன்னு நான் கையெழுத்துப் போட்டா, நீங்க மழையில பேசினது பொய்யாயிடும்."

இயக்குநர் கண்களை மூடிக்கொண்டார்.

"அன்னைக்கு என்ன கிழமை?" என்றார் அமைச்சர். உரை எழுதுபவர் கைபேசியில் பார்த்தார். பார்த்துவிட்டுக் கைபேசியைக் கல்மேல் கவிழ்த்து வைத்தார். அதுவே பதிலாக இருந்தது.

"எதிர்க்கட்சிக்காரங்க எண்ணிப் பார்க்க ரொம்ப நேரம் ஆகாதுங்கய்யா" என்றார் சைபர் மேடம்.

"மழை பெஞ்சுதும்மா!" அமைச்சர் எழுந்துவிட்டார். "கொட்டுச்சு! செருப்புக்குள்ள தண்ணி! தொண்டை கட்டிப்போய் ஒரு வாரம் பேச முடியலை. யார் இல்லேங்கறான்?"

"உங்க கல்லுதாங்கய்யா."

அமைச்சர் கல்லைப் பார்த்தார். ஒரு பக்கம் இறைவனின் அதிசயம், மறு பக்கம் தன்னுடைய அதிசயம். அரசியலில் நாற்பது வருடம் இருந்தவருக்கு இதில் தயக்கம் வரவில்லை.

"சாட்சி இருக்கா?"

"உளவுப்பிரிவு ஏட்டுல இருக்குங்கய்யா. நீங்க அனுமதி கொடுத்தா எல்லா ஏட்டையும் எடுத்துப் பார்த்து மழையைப் பிரிச்சுடுவோம்."

தொலைபேசியில் இரண்டு வார்த்தை. அரை மணி நேரத்தில் அத்தானே ஏட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, விறைப்பாக நின்று, உரக்கப் படித்தார்: "மாலை 6.10. எழுத முடியாத அளவு மழை. கூட்டம் கலைந்தது. சுருள்முடி மேடையை விட்டு இறங்க மறுத்துத் தொடர்ந்து பேசுகிறார். 7.40. பேச்சு முடிந்தது. கடைசிவரை இருந்து கேட்டவர்கள் இருவர். ஒருவர் ஒலிபெருக்கிக்காரர். மற்றவர் நான்."

அமைச்சர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். எதிரி நனைந்துகொண்டே எழுதிய சாட்சி. அதைவிடப் பெரிய பட்டயம் அவருக்கு யாரும் தந்ததில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்: "அந்த இருவர்ங்கறது... ஐயாயிரம்னு..."

"ஆள் கணக்கு எங்க துறை இல்லீங்கய்யா" என்றார் சைபர் மேடம். "மழை மட்டும்தான்."

அனுமதியில் கையெழுத்தாயிற்று. அதற்குப் பின் நடந்ததை எழுதும்போது கேலி செய்ய மனம் வரவில்லை, மன்னியுங்கள். மழைப்பிரிவு அறையில் நான்கு மேசைகளை ஒட்டிப் போட்டார்கள். அத்தான் ஏட்டைப் படிப்பார், மணிக்காரர் படிவத்தைப் படிப்பார், சைபர் மேடம் கணக்குப் போடுவார். ஆனால் 'குடை விரிக்கும் அளவு' என்றால் எத்தனை மில்லிமீட்டர்? அதற்கும் வழி கிடைத்தது. தேர்தல் காலங்களில் கூட்டம் எல்லாக் கிழமையும் நடந்திருக்கிறது. அந்த நாட்களில் காவலர் குறிப்பும் உண்டு, மணிக்காரர் அளந்த எண்ணும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு படிக்கும் மணிக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். முந்நூற்றுச் சொச்சம் நாட்களை ஒப்பிட்டார்கள். பெயர் தெரியாத பதினேழு காவலர்களும் மூன்று மணிக்காரர்களும், ஒருவரை ஒருவர் அறியாமல், ஏறக்குறைய ஒரே மழையை எழுதியிருந்தார்கள்.

"நம்மாளுங்க பொய் எழுதலைம்மா" என்றார் அத்தான், நம்ப முடியாதவர்போல. "முப்பது வருஷம் சர்வீஸ்ல இப்பதான் முதல்தடவையா பார்க்கிறேன்."

ஏடு இல்லாத ஆறு வருடத்துக்கு எதையும் இட்டு நிரப்ப சைபர் மேடம் மறுத்தார். கட்டங்களைக் காலியாக விட்டார். கணினி ஏற்கவில்லை. 'எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் திட்டியது. முதல் இயக்குநர் இறந்து முப்பது வருடம் ஆகிறது, கையெழுத்து மட்டும் சாகவில்லை. கடைசியில் 'தெரியாது' என்று எழுத்தால் எழுதி ஏற்றினார்கள். மணிக்காரர் அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்தார். "இப்படியும் எழுதலாமா? யாரும் எங்ககிட்ட சொல்லலையேம்மா" என்றார்.

மழைப் படிவங்களில் மிகப் பெரிய எண் முந்நூற்றுப் பதினொன்று மில்லிமீட்டர். ஓய்வு நாளுக்கு மறுநாள் எழுதியது. பிரித்துப் பார்த்தால் முந்தின நாளுக்கு நூற்றேழு, ஓய்வு நாளுக்கு இருநூற்று நான்கு. சுவர்க் குழுவின் பொறியாளர்கள் மூன்று மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார்கள். போலீஸ் குறிப்பை வைத்து மழையைக் கணக்கிட்டது உலகில் எங்காவது உண்டா என்றார் ஒருவர். இனிமேல் உண்டு என்றார் இயக்குநர். ஆமாம், இயக்குநரேதான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருடைய எட்டு மாதத்தையும் மன்னித்துவிடலாம். சுவருக்கு இருநூற்று நான்கையே எடுத்துக்கொண்டார்கள். பள்ளத்தெருவில் அது அத்தானின் தலைக்கு மேல் ஒரு முழம் இருக்கும்.

மறுநாள் விழாவில் அமைச்சர், நாற்பது நிமிடம் பேச வேண்டிய இடத்தில் ஒரு மணி இருபது நிமிடம் பேசினார். மதம் பாதுகாத்த கருவி, காவல்துறை காத்த குறிப்பு, தான் காத்த மேடை, மூன்றும் சேர்ந்து பெற்ற பிள்ளைதான் இந்த ஊரின் விஞ்ஞானம் என்றார். பேச்சு எழுதுபவர் எழுதியதுதான் என்றாலும் அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்தது. பெரிய குரு கைதட்டினார். மணிக்காரருக்கு மாலை போட்டார்கள். சைபர் மேடத்தின் அறிக்கை நூற்றுப்பன்னிரண்டு பக்கம். வெளிநாட்டிலிருந்தெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதன் முடிவுரை ஒரே வரி.

ஓய்வு நாளிலும் மற்ற நாட்களைப் போலவே மழை பெய்கிறது.